சிவப்புத் தட்டுக்கு வராதவர்

பல் லேபில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு டாக்டரின் குணம் தெரிய அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நோயாளியின் பல்வரிசையில் எடுத்து அவர் அனுப்பும் அச்சே போதும். அவசரக்காரரின் அச்சில் குமிழி விழுந்திருக்கும். பொறுமை இல்லாதவரின் அச்சு ஓரம் கிழிந்து வரும். நோயாளியை அதட்டி வாயைத் திறக்க வைப்பவர் யார், பேச்சுக் கொடுத்துத் திறக்க வைப்பவர் யார் என்பதுகூட நாளாக ஆகப் பிடிபட்டுவிடும். ஏழு வருஷமாக அந்த அச்சுகளில் பிளாஸ்டரை ஊற்றி, கல்லாக இறுகியதும் உரித்தெடுத்துக்கொண்டிருந்தான் அவன். ஊரில் தாடை அறுவை செய்கிற இரண்டே டாக்டர்களையும் அவர்கள் வீட்டாரைவிடத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று ஒரு நினைப்பு அவனுக்கு இருந்தது.

அந்த நினைப்பை நம்பித்தான் மாமனார் வந்தார்.

மதிய நேரம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்து, அலமாரி நிறைய வரிசையாக இருந்த வெள்ளைத் தாடைகளைப் பார்த்தார். புதிதாக யார் வந்தாலும் முதலாளி ஒரு வசனம் சொல்வார்: "இங்க இத்தனை வாய் இருக்கு, ஒண்ணாவது சம்பளம் கூட்டிக் கேக்குதா பாருங்க." அவர் இல்லாததால் யாரும் சிரிக்க வேண்டியிருக்கவில்லை.

அவன் மனைவி போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் என்று படுத்தவள், ஆறாம் நாள் இல்லை. அதற்குப் பிறகும் அவன் வேலைக்கு வந்தான், போனான், சாப்பிட்டான். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "இருக்கேன்" என்றான். பொய்யில்லை.

மாமனார் வந்தது இளைய மகளுக்காக. அவனுடைய மச்சினிக்கு இருபத்துமூன்று வயது. கீழ்த்தாடை நீண்டு இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். முன்பற்கள் சேரவே சேராது. ரொட்டிக்குள் எதையாவது வைத்துக் கொடுத்தால், கடிக்கும்போது ரொட்டி மட்டும் வரும், உள்ளே இருப்பது அப்படியே நிற்கும். விரலால் பிய்த்துத்தான் சாப்பிடுவாள். பார்சல் ஆபீசில் அவளோடு வேலை செய்கிறவர்கள் ஒட்டுநாடாவைப் பல்லால் அறுத்துத் தள்ளுவார்கள், அவள் மட்டும் கழுத்தில் கத்தரிக்கோல் மாட்டிக்கொண்டிருப்பாள். போட்டோ எடுத்தால் கன்னத்தில் கைவைத்துக்கொள்வாள். சிந்தனை செய்கிறவள் மாதிரி இருக்கும்.

அவளுக்குக் கம்பி போடவைத்தது அவன் மனைவிதான். ஒன்றரை வருஷம் கம்பி, பிறகு அறுவை என்று கணக்கு. அறுவைக்கும் தானே கூட்டிப்போவதாக இருந்தாள். கம்பியின் வேலை முடிந்துவிட்டது, அவளைத்தான் காணோம்.

"எனக்கு டாக்டர்னா எல்லாரும் ஒண்ணுதான் மாப்பிள்ளை" என்றார் மாமனார். "நீங்க யாரைக் காட்டறீங்களோ அவர் கையில என் பொண்ணைக் கொடுக்கறேன்."

மூத்தவளைக் கொடுத்தபோதும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார் என்பது, சொல்லி முடித்த பிறகு இருவருக்கும் உறைத்தது. மாமனார் எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

அந்த இரண்டு டாக்டர்களுக்கும் லேபில் வேறு பெயர்கள். ஒருவர் பூதக்கண்ணாடி. மூக்கின் மேல் எப்போதும் இரட்டைக் குழாய்க் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டவர்போல எல்லாவற்றையும் பார்ப்பார். இன்னொருவர் சரிப்பா. எதைக் காட்டினாலும், எதைக் கேட்டாலும், அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான்.

தாடை அறுவையில் லேபின் பங்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு. ஸ்ப்ளிண்ட் என்பார்கள். குதிரை லாடம் மாதிரி வளைந்திருக்கும். டாக்டர் அனுப்பும் அச்சில் வார்த்த தாடையை ரம்பத்தால் அறுத்து, எங்கே வந்து நிற்க வேண்டுமோ அங்கே நகர்த்தி மெழுகால் ஒட்டி, மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவில் இதை வார்க்க வேண்டும். ஆபரேஷனில் நிஜத் தாடையை அறுத்தபின் பற்களை இந்தத் தகட்டின் குழிகளில் உட்காரவைத்தால், தாடை போகவேண்டிய இடத்துக்கு வந்துவிடும். அதன் பிறகே திருகாணி. தகடு அரை மில்லிமீட்டர் ஆடினால், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்கிற கடி ஆயுசுக்கும் ஆடும்.

பொருந்தாத வேலையை டாக்டர்கள் திருப்பி அனுப்பினால், செய்தவன் மேஜையிலிருக்கும் சிவப்புத் தட்டில் அது வந்து உட்காரும். தட்டு நிறைந்தால் முதலாளியின் முகமும் சிவக்கும். அவனுடைய சிவப்புத் தட்டில் பாதிக்குமேல் பூதக்கண்ணாடியின் வேலைதான் கிடக்கும். வலது ஓரம் தூக்குகிறது, கடைவாயில் ஒட்டவில்லை, மறுபடி. அவருடைய வேலை வந்தாலே லேபில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சரிப்பாவின் வேலை ஏழு வருஷத்தில் ஒருமுறைகூடச் சிவப்புத் தட்டுக்கு வந்ததில்லை. போனது போனதுதான்.

இரண்டு பேரிடமும் மச்சினியைக் கூட்டிப்போனான். மாமனாரும் வந்தார்.

பூதக்கண்ணாடி அவள் வாயை ஒன்றேகால் மணி நேரம் பார்த்தார். பிறகு, இன்னொரு ஸ்கேன் வேண்டும், இரண்டு பற்கள் இன்னும் நிமிர வேண்டும், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். கீழ் உதடும் மோவாயும் மரத்துப்போகும், பலருக்கு ஆறு மாதத்தில் உணர்ச்சி திரும்பும், சிலருக்குத் திரும்பாது, இதைச் சொல்லாமல் ஆபரேஷன் செய்கிற வழக்கம் தனக்கில்லை என்றும் சொன்னார். மச்சினி கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வெளியே வந்ததும் மாமனார், "மனுஷன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றார்.

சரிப்பாவின் அறையில் மீன்தொட்டி இருந்தது. அவர் மச்சினியின் முகவாயைத் தொட்டு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "சரிப்பா" என்றார். பத்து நாளில் வீட்டுக்குள் நடமாடலாம், ஒரு மாதத்தில் வேலைக்குப் போகலாம், முகம் அப்படியே நேராகிவிடும். மரத்துப்போகுமா என்று அவள் கேட்டதற்கு, ஊசி போட்டால்கூட மரக்கத்தானே செய்யும் என்று சிரித்தார். கிளம்பும்போது அவன் தோளில் கைவைத்து, "வீட்டுல நடந்ததைக் கேள்விப்பட்டேன்ப்பா" என்றார். கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

யார் என்று மாமனார் கேட்டார். சரிப்பா என்றான் அவன். காரணமும் சொன்னான்: இத்தனை வருஷத்தில் ஒரு வேலைகூடத் திரும்பி வந்ததில்லை என்றால், அந்தக் கை எவ்வளவு சுத்தமான கை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாமனாருக்கு உடனே புரிந்தது. மச்சினி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். அவரிடம் செய்துகொண்டவர்கள் யாரையாவது பார்க்க முடியுமா?

லேபில் தாடையின் முன்கதைதான் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு யார் எப்படிக் கடிக்கிறார்கள் என்று லேபுக்கு வந்து யாரும் சொல்வதில்லை. அதை அவன் அவளிடம் சொல்லியிருக்கலாம். "தேவையில்லம்மா" என்றான்.

சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. மனைவியை எடுத்த நாலாம் நாள் அவன் வேலைக்குத் திரும்பினான். வீட்டில் உட்கார முடியவில்லை. மேஜைமேல் சிவப்புத் தட்டில் ஒரு ஸ்ப்ளிண்ட் காத்திருந்தது. பூதக்கண்ணாடியின் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'வலது ஓரம் தூக்குகிறது. மறுபடி செய்யவும்.' அவ்வளவுதான். ஊரே துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தபோது அந்த மனுஷனுக்கு வலது ஓரம்தான் தெரிந்தது. அந்தச் சீட்டை அவன் கசக்கவில்லை, கிழிக்கவில்லை. படித்தான், தகட்டை எடுத்தான், மறுபடி செய்தான். ஆனால் உள்ளே எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது.

மச்சினியின் ஸ்ப்ளிண்டை அவனே செய்தான். மூன்றுமுறை வார்த்தான். முதல் இரண்டையும் எந்த டாக்டரும் ஏற்றுக்கொண்டிருப்பார். மூன்றாவதை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு குழியும் ஒரு பல்லின் பெயர் சொல்லிற்று. உறையில் போட்டு ஒட்டி, நோயாளி எண் எழுதும் இடத்தில் எண்ணை எழுதி, கீழே 'எங்கள் வீட்டுப் பெண்' என்று சேர்த்தான். லேபில் யாரும் அப்படி எழுதுவதில்லை.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. முகம் பூசணிக்காயாக வீங்கி, நீலமாகி, பச்சையாகி, வற்றியது. முகம் நேராக இருந்தது. இடப்பக்கம் ஒதுங்கியிருந்த மோவாய் மூக்குக்கு நேர்கீழே வந்து நின்றது. மாமியார் கண்ணாடியை எடுத்துவந்து மகள் கையில் கொடுத்துவிட்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரி, யாரோ என்று நினைத்தேன் என்றாள். மாமனார் மகளைப் புதிதாகப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கி, கூடத்தில் மூத்தவளின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், "மாப்பிள்ளை காட்டின டாக்டர்" என்றார்.

ஏழாவது வாரம் கம்பி போட்ட டாக்டரிடமிருந்து அவளுடைய புது அச்சு லேபுக்கு வந்தது. வழக்கமாக எடுப்பதுதான். அவன் ஊற்றினான், உரித்தான், மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கையில் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தான்.

உட்காரவில்லை.

திருப்பி வைத்தான். மெழுகைச் சுரண்டிப் பார்த்தான், பிளாஸ்டர் குமிழி ஏதாவது இடிக்கிறதா என்று விரலால் தடவினான். ஒன்றுமில்லை. வலப்பக்கம் கடைசிப் பல் ஒன்றுமட்டும் தொட்டது. இடப்பக்கம் முழுக்க மூன்று மில்லிமீட்டர் சந்து. முன்பற்கள் முன்புபோலவே எட்ட நின்றன. முகம் வெளியே நேராகியிருந்தது. கடி உள்ளே பழைய இடத்திலும் இல்லாமல் புது இடத்திலும் இல்லாமல் தொங்கியது.

அந்த வாரம் சரிப்பாவின் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஸ்ப்ளிண்ட் ஒன்று இருந்தது. தானே கொண்டுபோவதாக முதலாளியிடம் சொன்னான். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் நடுவயசுக்காரி, கலகலப்பானவள். உறையை வாங்கி, சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியின் இழுப்பறையைத் திறந்தாள். இழுப்பறை பாதிதான் வந்தது. உள்ளே அடைசல்.

"நீங்கதான் அந்த லேப் தம்பியா? நல்ல வேளை வந்தீங்க. பழசையெல்லாம் பையில போட்டுத் தர்றேன், கொண்டுபோயிருங்க. இடத்தை அடைக்குது."

உறைகள். எல்லாம் அவன் ஒட்டியபடியே இருந்தன. அவன் ஓர் உறையை எடுத்துத் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, புரியவில்லை போலிருக்கிறது என்று அவளே விளக்கினாள். ஃபைலில் காட்ட வேண்டுமே என்று வாங்குவது. எங்கள் டாக்டருக்கு இந்தத் தகடெல்லாம் வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்த்து வைத்துவிடுவார், மற்றவர்கள் மூன்று மணி நேரம் செய்வதை ஒன்றரையில் முடித்துவிடுவார். கைராசி என்றாள்.

போட்டுப் பார்த்தவர்தானே பொருந்தவில்லை என்று திருப்ப முடியும்?

கைவிட்டுத் துழாவினான். அடியில் இல்லை, மேலேயே இருந்தது. 'எங்கள் வீட்டுப் பெண்.' நர்ஸ் எட்டிப் படித்து, யார் வீட்டுப் பெண் என்று கேட்டாள். அவன் அதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் கல் தாடைகளைத் துணியில் சுற்றிப் பூதக்கண்ணாடியிடம் கொண்டுபோனான். அவர் நெடுநேரம் பார்த்தார். நான்தான் மூன்று மாதம் பொறுக்கச் சொன்னேனே என்று கேட்பார் என்று காத்திருந்தான். கேட்கவில்லை. ஸ்ப்ளிண்ட் யார் செய்தது என்றார். சொன்னான்.

"அப்ப தகட்டுல தப்பு இருக்காது" என்றார். "உங்க வேலை எனக்குத் தெரியும்."

எலும்பு இறுக ஒரு வருஷமாவது விட வேண்டும். பிறகு பழைய வெட்டிலேயே மறுபடி வெட்ட வேண்டும். உதடு இன்னும் மரத்திருக்கிறதா என்று கேட்டார். இடப்பக்கம் இருக்கிறது என்றான். நரம்பு ஏற்கெனவே இழுபட்டிருக்கலாம், இரண்டாம் தடவை தொட்டால் மிச்சமும் போகலாம். நான் செய்கிறேன் என்று இப்போது வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். தாடைகளைத் திரும்பத் துணியில் சுற்றி அவரே முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனான். கூடத்தில் யாரோ உறவுக்காரர்கள், போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சினி சமையலறையில் தனக்கு மட்டும் சூப்பை மிக்சியில் அடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் நிறுத்தினாள். உதட்டின் ஓரத்தில் சூப் வழிந்திருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"மாமா, பின்னாடி ஒரே ஒரு பல்லுதான் படுது" என்றாள் தாழ்ந்த குரலில். "டாக்டர் போகப்போக உக்காரும்ங்கறார். உக்காருமா?"

"உக்காராது."

உறையை மேடைமேல் வைத்து, அது என்ன, எங்கே கிடந்தது என்று சொன்னான். அவள் தன் எண்ணுக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தாள். உறையைக் கிழித்துத் தகட்டை எடுத்துக் குழாயில் கழுவி, வாயில் வைத்தாள். மேல்வரிசையில் சட்டென்று போய்ப் பொருந்திக்கொண்டது. கீழ்த்தாடையை மெதுவாக ஏற்றினாள். வரவில்லை. விரலால் மோவாயைத் தள்ளினாள். கண்ணில் நீர் வரும்வரை தள்ளினாள். பிறகு தகட்டைக் கழற்றி மேடையில் வைத்தாள்.

"போட்டுப் பாக்க மாட்டார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கேக்கல."

"ஏன் கேக்கல?"

மிக்சி மூடியிலிருந்து சூப் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான்.

"அந்த இன்னொரு டாக்டர் மேல எனக்குக் கோவம். உங்க அக்கா போன நாலாம் நாள் ஒரு வேலையைத் திருப்பி அனுப்பினார்."

"வேலை தப்பா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் தலையாட்டினாள். கோபப்படுவாள் என்று நினைத்தான். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருக்கும். ஒரு வருஷம், பழைய வெட்டு, நரம்பு எல்லாவற்றையும் சொன்னான். முடித்ததும், அந்த டாக்டரின் நம்பர் மட்டும் வேண்டும் என்றாள். அவன் கூட வருவதாகச் சொன்னான்.

"வேண்டாம் மாமா. இனிமே யாரு, என்னன்னு நானே பாத்துக்கறேன். நீங்க வர வேண்டாம்." மிக்சி மூடியை அழுத்தி, "அப்பாகிட்ட எதுவும் சொல்லாதீங்க" என்றாள். "அவருக்கு இது ஒண்ணாவது நல்லபடியா முடிஞ்சதா இருக்கட்டும்."

மிக்சியை மறுபடி போட்டாள். அந்தச் சத்தத்தில் பேச்சுக்கு இடமில்லை.

கூடத்துக்கு வந்தான். மாமனார் எழுந்து வந்து, உறவுக்காரர்கள் பார்க்க அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிளாஸ்டரில் வெடித்த விரல்களை விரலால் தடவினார். பெரியவள் இருந்திருந்தால்கூட இதைவிட நல்ல டாக்டரைக் கண்டுபிடித்திருக்க மாட்டாள் என்று அவர்களிடம் சொன்னார். அவர்கள் ஆமாம் என்றார்கள். அடுத்த வாரமும் வர வேண்டும், அதற்கடுத்த வாரமும், இந்த வீட்டில் அவனுக்கு இனி மகன் ஸ்தானம் என்றார்.

"வர்றேன் மாமா" என்றான்.

அவர் கையை விடும்வரை நின்றுகொண்டிருந்தான்.